குழாய்க்குள்ள ஒரு நிமிஷம், ஆகாயத்துல ஒரு நிமிஷம்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை பொட்டி தட்டுற கதை இல்லை, விமானத்துலேருந்து குதிச்ச கதை. குதிச்சதுகூட பெரிய விஷயமில்லை. காசும் ரெண்டு கால்ல தெம்பும் இருந்தா யாரும் குதிக்கலாம். நாற்பது நிமிஷம் கண்ணாடிக் குழாய்க்குள்ள பறந்து பழகிட்டு, "நமக்குத் தெரியாததா"ன்னு போய்க் குதிச்சு, ஆறாயிரம் அடி உயரத்துல நான் பேந்தப் பேந்த முழிச்ச கதைதான் இது. எங்க வீட்ல தாத்தாவைத் தவிர யாருக்கும் இன்னும் தெரியாது. அம்மாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க மக்களே.

முதல்ல குழாய்க் கதை.

சிங்கப்பூர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் டீம் அவுட்டிங்னு செந்தோசாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சிலோசோ கடற்கரைக்குப் பக்கத்துல ஐஃபிளை சிங்கப்பூர்னு ஒரு இடம், 2011-ல திறந்தது. பதினாறரை அடி விட்டத்துல ஒரு கண்ணாடி அறை. கீழே இரும்புக் கம்பியில பின்னின வலை. அதுக்குக் கீழேருந்து காத்து மேல அடிக்கும். நாம அதுமேல குப்புறப் படுத்தா, தூக்கி நிறுத்திடும்.

ஃபேன் கீழே இருக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். இல்லை, பெரும்பாலும் மேலேதான் இருக்கும். மேலேருந்து காத்தை உறிஞ்சி, பக்கச் சுவருக்குள்ள இருக்கிற பாதை வழியா கீழே இறக்கி, அகலமான வாயிலிருந்து குறுகலான கழுத்துக்குள்ள திணிச்சு அனுப்புறாங்க. வாய் பெருசு, கழுத்து சின்னதுன்னா வேகம் கூடும். பொழிமுகத்துல மணல் மேடு அடைச்சு வாய் குறுகினதும் தாமிரபரணித் தண்ணி சீறிக்கிட்டு ஓடுமே, அதே கணக்கு. கழுத்தைத் தாண்டினதும் மேல மறுபடி அகலமாகும், காத்து தளரும். அதனால ரொம்ப மேல ஏறிட்டா தானாவே கொஞ்சம் இறங்கிடுவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் உடம்புக்கும் தக்க காத்து வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே இருப்பார். என்னை மாதிரி ஒல்லிக்கு ஒரு வேகம், எங்க டேமேஜர் மாதிரி ஆளுக்கு வேற வேகம் :)

உள்ள போனா காதுல அடைப்பான் வச்சும் இரைச்சல் மண்டையைப் பொளக்கும். பேச்சே கிடையாது, கைச்சாடைதான். பயிற்சியாளர் ரெண்டு விரலை நேரா நீட்டினா காலை நீட்டு. ரெண்டு விரலை மடக்கினா காலை மடக்கு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி கையை ஆட்டினா, "விறைக்காதே, தளர்வா இரு". விரலால மேல காட்டினா மோவாயைத் தூக்கு. இந்த நாலையும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி என் மானம் போனதே இதுலதான்.

முதல் தடவை செத்த தவளை மாதிரி கிடந்தேன். ரெண்டாவது தடவை பயிற்சியாளர் கையை விட்டதும் மூணு விநாடி தனியா நின்னேன். நின்னேன்னா, அந்தரத்துல. அந்த மூணு விநாடிக்காக அடுத்த எட்டு மாசம் சம்பளத்துல ஒரு பகுதி செந்தோசாவுக்குப் போச்சு. ஒரு நிமிஷம் பறக்க ஆகிற காசுல கோமள விலாஸ்ல ரெண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அப்படி நிமிஷம் நிமிஷமா வாங்கி மொத்தம் நாற்பது நிமிஷம். இடுப்பை முன்னுக்குத் தள்ளி வில்லு மாதிரி வளையறது, ஒரு தோளை லேசா சாய்ச்சுத் திரும்புறது, காலை நீட்டி முன்னால நகர்றது எல்லாம் வந்துடுச்சு. விமானத்துலேருந்து குதிக்கிற ஒருத்தருக்கு ஒரு தடவைக்குக் கிடைக்கிறது சுமார் ஒரு நிமிஷப் பறத்தல். அப்போ என்கிட்ட இருந்தது நாற்பது குதிப்புக்கான அனுபவம். கணக்கு சரிதானே? இன்ஜினியரிங் படிச்சவன் இப்படித்தான் கணக்குப் போடுவான்.

குழாய் புதுசு இல்லை. அமெரிக்க விமானப்படையோட ரைட்-பேட்டர்சன் தளத்துல விமான மாதிரிகளும் பாராசூட்டும் சோதிக்கக் கட்டின செங்குத்துக் குழாய்க்குள்ள 1964-ல ஜாக் டிஃபனிங்கிறவர் முதல் மனுஷனா பறந்தார். டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ள விட்டது எண்பதுகள்லதான். இப்போ அது தனி விளையாட்டாவே ஆகிப்போச்சு. சிங்கப்பூர்ல கைரா போங்கிற பொண்ணு எட்டு வயசுல இதே செந்தோசாக் குழாய்ல பறக்க ஆரம்பிச்சு, 2017-ல ஸ்பெயின்ல நடந்த விண்ட் கேம்ஸ்ல ரெண்டு தங்கம் வாங்கிச்சு. அப்போ வயசு பதினாலு. பல இடங்கள்ல தனியா விமானத்துலேருந்து குதிக்கவே பதினெட்டு ஆகணும்! நம்ம நாட்டுலயும் வந்தாச்சு. ஹைதராபாத்துல கிராவிட்டிஜிப்னு ஒண்ணு இருக்கு. இமாச்சலப் பிரதேசம் பக்லோவில இருக்கிற சிறப்புப் படைப் பயிற்சிப் பள்ளியில ராணுவம் 2024-ல தன்னோட முதல் செங்குத்துக் குழாயைத் திறந்தது. ஆனா 1979-ல முதல் தடவை குதிச்சாங்களே ரேச்சல் தாமஸ், அவங்களுக்கு இந்த வசதியெல்லாம் எது? 2004-ல ஷீதல் மகாஜன் வாழ்க்கையோட முதல் குதிப்பையே வட துருவத்துல வச்சுக்கிட்டாங்க. அதெல்லாம் வேற ரகம். நாம வர்ற ரகம் வேற.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊர் புன்னக்காயல். ஆத்தூர் வெத்தலையைத் தெரிஞ்சவங்களுக்கு ஆத்தூரைத் தெரியும். அங்கேருந்து கிழக்கே திரும்பி ரோடு முடியற வரைக்கும் வந்தா நாங்க. தாமிரபரணி கடல்ல விழற இடம். பக்கத்துல இருக்கிற பழையகாயலுக்கு மார்க்கோ போலோ வந்துபோய், இந்தக் கடல்ல முத்துக் குளிக்கிறதைப் பத்தி எழுதி வச்சிருக்கார். எங்க தாத்தாவும் குளிச்சவர். தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அப்போ தாத்தாவுக்குப் பதினெட்டு வயசு. அதுக்கப்புறம் முத்து இல்லை, சங்குதான். காலுக்குக் கல்லு, கையில கயிறு, கழுத்துல வலைப்பை. எட்டு பாகம் ஆழம். இன்னைக்கு அவருக்கு வலது காது சுத்தமா கேக்காது. இடது காதுல கத்தினா பாதி கேக்கும். ஆழத்தோட அழுத்தம் செவிப்பறையைக் கிழிச்சுட்டுப் போயிடுச்சு. அப்பா கடலுக்கே போகக் கூடாதுன்னு தாத்தா பிடிவாதமா நின்னு அவரைப் படிக்க வச்சார். அப்பா என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சார். நான் விமானத்துலேருந்து குதிக்கப் போனேன். குடும்பம் மூணு தலைமுறையா முன்னேறின லட்சணம் இது.

தாய்லாந்துக்குக் கிளம்புறதுக்கு முந்தின வாரம் தாத்தாகிட்ட மட்டும் போன்ல சொன்னேன். சொன்னேன்னா, கத்தினேன். என் ரூம்மேட் எழுந்து வெளிய போயிட்டான்.

"மேலேருந்து குதிக்கப் போறியா? கயிறு யாரு பிடிக்கா?"

"கயிறு இல்ல தாத்தா. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு என்னைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே விழுவாங்க."

"அவனுவ ஒனக்கு மச்சானா?"

எங்க பக்கம் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பாங்க. கூடப்பொறந்தவ தாலிக்காகவாவது ஒழுங்கா பிடிப்பான்னு ஒரு நம்பிக்கை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, மச்சானுக்கு எங்க போறது? "இல்ல தாத்தா, வெள்ளைக்காரன்"னேன். "ம்ம்"னு மட்டும் சொன்னார்.

சரி, தாய்லாந்து.

சொன்ன முறைக்கு ஏஎஃப்எஃப்னு பேர். முதுகுல உங்க பாராசூட், உங்க கையாலதான் இழுக்கணும். ஆனா ரெண்டு பயிற்சியாளர்கள் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டே விழுவாங்க. முதல் நாள் முழுக்கத் தரையிலதான் பாடம். தகரக் கொட்டகையில சேணம் மாட்டித் தொங்கவிட்டு, குடை சரியா விரியலைன்னா என்ன பண்ணணும், கயிறு முறுக்கிட்டா என்ன, எப்போ முதல் குடையை வெட்டிவிட்டு ரெண்டாவதை இழுக்கணும்னு உயிரை எடுத்தாங்க. திட்டம் இதுதான்: பதிமூணாயிரம் அடியில குதிக்கணும். அடிவானம் பார், மணிக்கட்டுல இருக்கிற உயரமானி பார், ரெண்டு பயிற்சியாளரையும் பார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து மூணு தடவை ஒத்திகை. மறுபடி அடிவானம், உயரமானி. அப்புறம் உயரமானியைப் பார்த்துக்கிட்டே இருந்து, ஐயாயிரத்து ஐநூறு அடியில ரெண்டு கையையும் ஆட்டிட்டு இழுக்கணும். அவ்வளவுதான்.

பயிற்சியாளர் என்கிட்ட "குழாய்ல பழகியிருக்கியா?"ன்னு கேட்டார். "நாற்பது நிமிஷம்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அப்போ உன்மேல இன்னும் ஒரு கண்ணு வைக்கணும்"னார். ஜோக்குன்னு நினைச்சேன்.

கதவு திறந்ததும் முதல் அதிர்ச்சி குளிர். ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி குறையும்னு வச்சா, தரையில முப்பத்திரண்டுன்னா மேல ஆறு. ரெண்டாவது அதிர்ச்சி, வயித்தைப் பிசையவே இல்லை. ராட்டினத்துல வருமே அந்தக் குபீர், அது வரலை. விமானம் ஏற்கெனவே மணிக்கு நூத்தம்பது கிலோமீட்டர்கிட்ட முன்னால போய்க்கிட்டிருக்கு. குதிக்கிற நிமிஷம் நமக்கும் அந்த வேகம் இருக்கு. அதனால காத்து கீழேருந்து வராது, முன்னாலருந்து வரும். நாம முன்னால எறியப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு கீழ்நோக்கிப் போறோம். முழு வேகம் பிடிக்கப் பத்து, பன்னிரண்டு விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி குழாய்ல கிடையவே கிடையாது. அங்க கதவுலேருந்து சாய்ஞ்சதுமே காத்து தயாரா, முழுசா, நேர் கீழேருந்து இருக்கும். இங்க காத்து சாய்ஞ்சு வருது, தளர்வா இருக்கு, கை காலால பிடிக்க எதுவும் இல்லாத மாதிரி வழுக்குது. நான் நாற்பது நிமிஷமாப் பழகின "தரை"க்கு உடம்பை வச்சுக்கிட்டு, தலைகீழா ஒரு உருட்டு உருண்டேன். ரெண்டு மச்சானும் பிடிச்சு நிமிர்த்தினாங்க.

அப்புறம் காத்து கெட்டியாச்சு. கெட்டியாச்சுங்கிறதுதான் சரியான வார்த்தை. மணிக்கு நூத்தித் தொண்ணூறு, இருநூறு கிலோமீட்டர் வேகத்துல காத்தோட தடையும் நம்ம எடையும் சமமாயிடும். அதுக்கு மேல வேகம் கூடாது. அப்போ விழற மாதிரியே இருக்காது, காத்து மெத்தையில படுத்த மாதிரிதான் இருக்கும். உயரத்துல காத்து மெல்லிசுங்கிறதால (பதிமூணாயிரம் அடியில அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான்) ஆரம்பத்துல வேகம் கூடுதலா இருந்து, கீழ இறங்க இறங்கக் குறையும். அந்த மெத்தை வந்ததும் எனக்கு உசுரு வந்துடுச்சு. அடடா, இது நமக்குத் தெரிஞ்ச இடமாச்சே! இடுப்பைத் தள்ளினேன். கைகளை வச்சேன். சும்மா கல்லு மாதிரி நின்னேன். மூணு ஒத்திகையும் தொட்டேன். என் இடது பக்கத்துப் பயிற்சியாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அங்கதான் சனி பிடிச்சது.

குழாய்ல பழகினவனுக்குக் கண்ணு எங்க இருக்கும்? பயிற்சியாளர் கையில. அடுத்த சாடை என்னன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். நானும் அவர் கையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மணிக்கட்டைப் பார்க்கலை. கீழே ஒரு தடவை பார்த்தேன். பச்சையும் சிவப்புமா அன்னாசித் தோட்டம் வரைபடம் மாதிரி விரிஞ்சு கிடந்தது. குதிக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. தரை எங்கயும் போகலை, பக்கத்துல வரவும் இல்லை. சந்தோஷமா மிதந்தேன்.

பயிற்சியாளர் முகத்துக்கு முன்னால ஒரு விரலை நீட்டினார்.

விரல் நேரா இருந்தது. நேரா நீட்டின விரல்னா என்ன? காலை நீட்டு! நீட்டினேன். ரெண்டு காலையும் அழகா, விறைப்பா நீட்டி, "எப்படி?"ங்கிற மாதிரி அவரைப் பார்த்துச் சிரிச்சேன். அவர் மறுபடி அந்த விரலை மூக்குக்கு நேரா குத்துற மாதிரி நீட்டினார். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவர் முகம் மாறினது கண்ணாடிக்குள்ள தெரிஞ்சது. அடுத்த நொடி யாரோ சேணத்தோட சேர்த்து என்னைக் கழுத்தைப் பிடிச்சு மேல தூக்கின மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் நின்னுபோச்சு. தலைக்கு மேல நீலமும் மஞ்சளுமா குடை.

ரெண்டு விரல்னா கால். ஒத்தை விரல்னா "இழு". தரைப் பாடத்துல இருபது தடவை சொன்னது. குழாய்ல அந்தச் சாடையே கிடையாது. அங்க இழுக்கிறதுக்கு என்ன இருக்கு?

அவர் எனக்காக இழுத்துட்டார். அவ்வளவுதான் நடந்தது. ரேடியோவுல சொன்னபடி திருப்பி, புல்வெளியில உட்கார்ந்த வாக்குல இறங்கி, பின்பக்கம் சிராய்ச்சதோட முடிஞ்சது. யாரும் திட்டலை. டிவியில வீடியோவை ஓட்டிக் காமிச்சாங்க. பல்லைக் காட்டிக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, தரையை நோக்கி விநாடிக்கு ஐம்பத்தஞ்சு மீட்டர் வேகத்துல போறவன் நான்தான். பயிற்சியாளர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நீ நல்லா பறக்கிற, ஆனா குதிக்கத் தெரியலை." முதல் லெவல் ஃபெயில், திரும்பப் பண்ணணும். அந்தக் காசுல ஊர்ல ஒரு வலை வாங்கியிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி ஹோட்டல் ரூம்ல பேப்பர்ல கணக்குப் போட்டேன். முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி. அப்புறம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அஞ்சரை விநாடி. பதிமூணாயிரத்துலேருந்து ஐயாயிரத்து ஐநூறுக்கு மொத்தமே நாற்பத்தஞ்சு விநாடிதான். ஐயாயிரத்து ஐநூறுலேருந்து தரைக்கு? முப்பது விநாடி. பாராசூட்டுக்குள்ள சைப்ரஸ்னு ஒரு சின்னக் கருவி இருக்கும். ஹெல்முட் குளோத்ங்கிற ஜெர்மன்காரர் உருவாக்கி 1991-ல வந்தது. மனுஷன் மயங்கியோ மறந்தோ விழுந்துக்கிட்டே இருந்தா, சுமார் எழுநூத்தம்பது அடியில தானா ரெண்டாவது குடையைத் திறந்துவிடும். எழுநூத்தம்பது அடிங்கிறது நாலு விநாடி. நான் காலை நீட்டிச் சிரிச்சுக்கிட்டிருந்ததே அஞ்சாறு விநாடி இருக்கும். பக்கத்துல யாரும் இல்லாம இருந்திருந்தா, எவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டிருப்பேன்? பேப்பரைக் கசக்கிப் போட்டுட்டேன். தூக்கம் வரலை.

கண்ணை நம்ப முடியாதுங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பத்தாயிரம் அடிக்கும் ஆறாயிரம் அடிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தரை சீறிக்கிட்டு மேல வர்ற மாதிரி தெரியறது ரெண்டாயிரம் அடிக்குக் கீழதானாம். அப்போ தெரிஞ்சு என்ன பண்றது? குழாய்ல நேர் எதிர். சுவர் பக்கத்துலயே இருக்கு, ஒரு சாண் நகர்ந்தாலும் தெரியும். ஆகாயத்துல ஐம்பது மீட்டர் பின்னால போயிருந்தாலும் தெரியாது. நான் கல்லு மாதிரி நின்னேன்னு சொன்னேனே, வீடியோவுல பார்த்தா மெதுவா சுத்திக்கிட்டும் இருக்கேன்.

குழாயைக் குறை சொல்லலை. உடம்பு வளையறது, கை கால் வைக்கிற விதம், பயம் இல்லாம மூச்சு விடறது எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். அதை ஆகாயத்துல கத்துக்கணும்னா சொத்தை எழுதி வைக்கணும். காத்தும் பொய்க்காத்து இல்லை, உடம்புக்கு அது நிஜ வேகம்தான். ஆனா அங்க நிமிஷம் முடிஞ்சா விளக்கு மினுக்கும், அடுத்த ஆள் வருவார். இங்க நிமிஷம் முடிஞ்சா தரை வரும். நான் நாற்பது நிமிஷம் பறந்திருந்தேன். ஒரு நிமிஷத்தைக்கூடச் செலவு பண்ணிப் பழகலை.

டிசம்பர்ல லீவுக்கு ஊருக்குப் போனேன். சாயங்காலம் தாத்தாவைப் பொழிமுகத்துக்குக் கூட்டிட்டுப் போய், யாரும் இல்லாத இடமாப் பார்த்து உட்கார வச்சு, இடது காதுல முழுக் கதையையும் கத்தினேன். விரல் கதை வந்ததும் அவர் சிரிக்கலை. ஆத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்க ஐயா என்னை இதுலதான் பழக்குனாரு. வெள்ளைக் கிளிஞ்சலத் தூக்கிப் போடுவாரு, நான் முங்கி எடுக்கணும். ரெண்டு ஆள் ஆழம். முங்கிக்கிட்டே கெடப்பேன், மேல வரவே மாட்டேன். ஊரே பேசும். அப்புறம் கடல்ல இறக்குனாங்க. மொத நாளே மூக்குல ரெத்தம்."

"ஏன் தாத்தா?"

"ஆத்துல மூச்சு முடிஞ்சா தலையத் தூக்குனா போதும், மேல வந்துருவோம். எட்டு பாகத்துல மூச்சு முடிஞ்சாப்புல தூக்குனா, மேல வர மூச்சுக்கு எங்க போறது? பாதி மூச்சு இருக்கையிலயே கயித்த ஆட்டிறணும். அப்பத்தான் கண்ணுக்கு முன்னால ஒண்ணு கெடக்கும். நல்ல பெரிய சங்கா கெடக்கும்."

"எடுக்க மாட்டீங்களா?"

"எடுத்தவன் ரெண்டு பேரத் தெரியும்." அதுக்கு மேல அந்த ரெண்டு பேரைப் பத்தி அவர் பேசலை. நானும் கேக்கலை.

எப்படி நேரம் தெரியும்னு கேட்டேன். கடிகாரமா இருந்தது? "அருள்நிறை மரியே சொல்லுவோம். மனசுக்குள்ளதான். கல்லோட இறங்கையிலேயே ஆரம்பிச்சிரணும். நான் மூணு முடிஞ்சதும் ஆட்டிருவேன். எங்க மச்சான் மேல இருந்து அவனும் சொல்லிக்கிட்டே இருப்பான். நாலு முடிஞ்சும் நான் ஆட்டலைன்னா அவனே இழுத்துருவான். ஒரு தடவ அப்பிடி இழுத்தான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு ராத்திரி அவன் என்கூடப் பேசல"ன்னார்.

ஒரு முங்கு சுமார் ஒரு நிமிஷம். ஒரு குதிப்பு சுமார் ஒரு நிமிஷம். எனக்கு இது ஏன் முன்னாடியே தோணலைன்னு தெரியலை.

மார்ச்ல மறுபடி தாய்லாந்து. இந்தத் தடவை கிளம்புறதுக்கு முன்னாடி செந்தோசாவுல பத்து நிமிஷம் வாங்கினேன். ஆனா வேற மாதிரி பழகினேன். மணிக்கட்டுல சும்மா ஒரு பழைய கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு, அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி அதைப் பார்க்கிறது. பார்த்ததும் உடம்பு ஒரு பக்கமாச் சாயும், சுவர்ல போய் முட்டுவேன். மறுபடி வந்து மறுபடி பார்ப்பேன். குழாய்ப் பயிற்சியாளருக்கு ஒண்ணும் புரியலை. "கைய அசைக்காம இரு, நல்லாத்தானே பறக்கிற"ன்னார். மொத்த நாற்பது நிமிஷத்துலயும் நான் அவ்வளவு கேவலமாப் பறந்ததில்லை.

குதிப்பைப் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணுமில்லை. கதவை விட்டதும் ஆரம்பிச்சேன். ஒண்ணு முடிஞ்சதும் உயரமானி. ரெண்டு முடிஞ்சதும் உயரமானி. மூணாவதுல ஒத்திகை. நாலு முடிஞ்சப்போ முள்ளு ஆறாயிரத்துகிட்ட. அஞ்சாவது பாதியில ஐயாயிரத்து ஐநூறு. கையை ஆட்டி, இழுத்தேன். யாரும் விரலைக் காட்டலை. அன்னாசித் தோட்டம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, பார்க்கலை.

சாயங்காலம் தாத்தாவுக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்து அவர் காதுல வச்சாங்க.

"தாத்தா, நானே இழுத்துட்டேன்!"

"எத்தன மரியே?"

"நாலு. அஞ்சாவது பாதியில இழுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

"மிச்சப் பாதிய, மேல குடையில தொங்கையில சொல்லி முடிச்சியாலே?"

"இல்ல தாத்தா. மறந்துட்டேன்."

"சொல்லிரு"ன்னுட்டு போனை அத்தைகிட்ட குடுத்துட்டார்.